வழக்கின் விலையும் பாட்டியின் கணக்கும்

நீதிமன்றம் என்றவுடன் தமிழ் படித்தவர் மனத்தில் முதலில் வந்து நிற்பவள் கண்ணகி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது எங்கள் ஆசிரியை ஒரு கண்ணாடி வளையலை மேசைமேல் உடைத்துப் போட்டு அந்தக் காட்சியை விளக்கினார். பாண்டியன் அவைக்குள் நுழையக் கண்ணகி கட்டணம் எதுவும் செலுத்தவில்லை. வழக்கறிஞர் வைக்கவில்லை. ‘அடுத்த மாதம் வா’ என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவும் இல்லை. ஒரே அமர்வில் சான்றுப்பொருள் ஆராயப்பட்டுத் தீர்ப்பும் வந்துவிட்டது. இப்படியொரு நீதிமன்றம் உலகில் எங்கே உண்டு என்று அன்று வியந்தேன். அதே அரசனின் வாய்ச்சொல்லால் கோவலன் விசாரணையே இன்றி வெட்டுண்டான் என்பதை இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான் யோசித்தேன். அங்கே தாமதம் இல்லைதான். கோவலன் தன் பக்கத்தைச் சொல்ல அவகாசமும் இல்லை.

தேசிய இடைநிலைப்பள்ளியிலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் பொருளியலை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படித்தேன். ஆகவே இக்கட்டுரையில் சில கலைச்சொற்கள் தடுமாறினால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நீதிமன்றங்களைப் பொருளியல் கண்கொண்டு பார்க்கும் ஒரு துறை உண்டு. வழக்காடுவதற்கு என்ன செலவாகிறது, அதை யார் ஏற்கிறார், அச்செலவைக் கண்டு யார் வழக்கைக் கைவிடுகிறார் என்பவையே அதன் கேள்விகள். பாடநூலில் இவற்றைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் என் பாட்டி. எங்கள் குடும்பத்தில் வழக்கு என்று ஒன்றைத் தொடுத்தவர் அவர் ஒருவரே. அதைப் பாதியில் விட்டவரும் அவரே.

ஒரு தோட்டம் மூடப்பட்ட கதை

பாட்டி பேராவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 27 ஆண்டுகள் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை பிடித்து, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்புவார். பேராவில் பல தோட்டங்கள் கைமாறியதுபோல் அதுவும் கைமாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாம் அறிவோம். ஆனால் அச்சங்கம் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட முடியாதல்லவா? பாட்டியின் தோட்டத்தைப் புதிய முதலாளி வாங்கினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1990-களின் பிற்பகுதியில், மரங்களை அழித்துத் தோட்டத்தை மூடினார்.

வேலை நிறுத்தப்பட்டால் என்ன கிடைக்கும் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் வந்த 1980-ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் எனில் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் எனில் 20 நாள். தோட்டம் கைமாறியபின் புதிய முதலாளியிடம் வேலை தொடர்ந்திருந்தால் பழைய சேவைக்காலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். பணத்தை ஏழு நாட்களுக்குள் கொடுத்துவிடவும் வேண்டும்.

பாட்டியின் நாள் சம்பளம் 14 வெள்ளி. 27 ஆண்டுக்கு 540 நாள். ஆக 7,560 வெள்ளி. நிர்வாகமோ தான் வாங்கிய பிறகான ஆறு ஆண்டுகளை மட்டும் எண்ணி 1,680 வெள்ளி என்றது. சுமார் 40 பேர் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் நிர்வாகத் தரப்பு ஆவணங்கள் தயாராகவில்லை என்று தவணை கேட்டது. நான்காவது அழைப்புக்கு முன் கிராணி ஒரு தாளோடு லயத்துக்கு வந்தார். ‘3,000 வெள்ளி தருகிறோம். கையெழுத்துப் போட்டால் வழக்கு முடிந்தது.’ பாட்டி போட்டுவிட்டார். போடாமல் நின்ற மூன்று பெண்கள் முழுத்தொகையும் பெற்றார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் ஆறாத புண். ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது பேச்சை எடுப்பார்கள். “ஏழாயிரத்தச் சொச்சத்த மூவாயிரத்துக்கு வித்துட்டு வந்தவங்கதானே நீங்க” என்பார் அப்பா. பாட்டி பதில் சொன்னதில்லை.

வாசலில் வாங்கும் விலை

மூன்றாம் ஆண்டு பாடத்திற்கு இதையே ஆய்வாக எழுதினேன். முதல் வரைவில் நான் கண்ட விடை மிக எளியது: நீதிமன்றம் ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. போய்வரும் ஒவ்வொரு முறையும் பாட்டிக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் சேர்த்துச் சுமார் 20 வெள்ளி போயிற்று. மூன்று முறைக்கு 60 வெள்ளி. 5,880 வெள்ளி வித்தியாசத்திற்காக 60 வெள்ளி செலவழிக்க யார்தான் தயங்குவார்? என் விரிவுரையாளர் ஓரத்தில் “இவ்வளவுதானா?” என்று பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் வாங்கும் விலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்குக் கோரும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம். நீண்டகாலம் 7.5 விழுக்காடாக இருந்ததை 2017-இல் 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். நம் நாட்டின் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிதான். அடுத்தது தோற்றவர் கொடுக்கும் விலை. இங்கிலாந்து மரபில் தோற்றவர் வென்றவரின் செலவையும் ஏற்க வேண்டும். நம் சிவில் நீதிமன்றங்களும் அவ்வழியே. அமெரிக்காவில் அவரவர் செலவு அவரவருக்கு. ஜெர்மனியிலும் தோற்றவரே கொடுக்கிறார். ஆனால் வழக்கின் மதிப்புக்கேற்பக் கட்டண அட்டவணையைச் சட்டமே வகுத்திருப்பதால், தோற்றால் எவ்வளவு போகும் என்பதை வழக்குத் தொடுக்குமுன்பே கணக்கிட்டுவிடலாம். கணக்கிட முடிந்த இழப்புக்குக் காப்புறுதி விற்கலாம். ஆகவே அங்கே வழக்குச் செலவுக் காப்புறுதி சாதாரணக் குடும்பங்களிலும் உண்டு.

செலவைவிடப் பணயம் பெரிதாக இருந்தால் மனிதர் எவ்வளவு தூரமும் போவர். 1984 இறுதிவரை நம் சிவில் மேல்முறையீடுகள் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை செல்ல முடிந்தது. அப்படிச் சென்று 1962-இல் தீர்ந்த ஒரு செட்டியார் வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ரப்பர்க் கட்டுப்பாட்டு விதிகளில் தம் நிலம் பெரிய தோட்டம் என்ற கணக்கில் வராமலிருக்கத் தந்தையார் 40 ஏக்கரை மகன் பெயரில் பதிவு செய்தார். பிறகு திருப்பிக் கேட்டபோது மகன் மறுத்தார். சட்டத்தை ஏய்க்கச் செய்த ஏற்பாட்டைக் காட்டி உதவி கேட்க முடியாது என்று தந்தையைக் கைவிட்டது பிரிவி கவுன்சில். அப்பனும் மகனும் மலாயாவில் அமர்ந்துகொண்டு இலண்டனில் வாதாட நாற்பது ஏக்கர் ரப்பர் போதுமானதாக இருந்திருக்கிறது! பாட்டியின் வழக்கில் ஒருவருக்கு 5,880 வெள்ளி. அதற்கு எந்த வழக்கறிஞர் முழுநேரம் செலவிடுவார்? அமெரிக்காவாயின், வென்றால் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டு 40 பேரின் வழக்கையும் ஒருவர் எடுத்திருக்கலாம். நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வழக்கறிஞர் வழக்கில் பங்குதாரராகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் பங்கு பேசும் வழக்கறிஞர் கட்சிக்காரருக்குச் சட்ட அறிவோடு காத்திருக்கும் சக்தியையும் கடனாகக் கொடுக்கிறார் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

காத்திருப்பதன் விலை

விரிவுரையாளரின் பென்சில் கேள்வியோடு புந்தோங்குக்குப் போனேன். தோட்டத்திலிருந்து வந்த நாள் முதல் பாட்டி அங்கேதான் இருக்கிறார். கச்சாங் பூத்தே செய்யும் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் முறுக்குப் பிழிந்து, இப்போது பொட்டலம் மட்டும் கட்டுகிறார். “அன்னிக்கு உங்களுக்குக் கடன் இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டேன். இதுவரை குடும்பத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

இருந்தது. தாத்தாவின் வைத்தியத்திற்கு வாங்கிய 1,800 வெள்ளி. நூற்றுக்குப் பத்து, மாதத்திற்கு. அதாவது மாதம் 180 வெள்ளி வட்டி. மாதம் 26 நாள் வெட்டினால் 364 வெள்ளி. அதில் பாதி வட்டிக்கே போயிற்று. 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடே உச்சம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். பாட்டி சிரித்தார். வட்டிக்காரர்மேல் வழக்குப் போட இன்னொரு தொழிலாளர் அலுவலகமா இருக்கிறது?

தோட்டம் மூடியதும் வட்டி கட்ட வழியில்லை. கட்டாத வட்டி முதலோடு சேரும். இனி கணக்கைப் பாருங்கள். கிராணி கொண்டு வந்த 3,000 வெள்ளியை வாங்கிக் கடனை அடைத்தால் கையில் 1,200 மிஞ்சும். வாங்காமல் வழக்கைத் தொடர்ந்தால், பன்னிரண்டாம் மாத முடிவில் கடன் 5,649 வெள்ளி ஆகியிருக்கும். அன்று முழுத்தொகையும் கிடைத்தால் 1,911 மிஞ்சும். பதின்மூன்றாம் மாதம் 1,346. பதினான்காம் மாதம் 725. ஆக, பதினான்காம் மாதத்தில் வழக்கை முழுமையாக வெல்பவரைவிட, முதல் நாளே பாதிக்கும் குறைவாக வாங்கிக்கொண்டவர் கையில் பணம் அதிகம். பதினாறாம் மாதத்தில் கடன் 8,271 வெள்ளி. வென்ற பணம் கடனுக்கே போதாது.

இதுவும் வெற்றி உறுதி என்று கொண்டால்தான். வெல்லவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்பு என்றால், எதிர்பார்க்கும் தொகை 7,560-க்கும் 1,680-க்கும் நடுவில் 4,620 வெள்ளி. அப்போது ஏழாம் மாதத்திலேயே காத்திருப்பது நட்டம்.

வழக்கைத் தொடர்ந்த மூன்று பெண்களுக்குப் பணம் எப்போது கிடைத்தது? தொழிலாளர் அலுவலகத்தின் உத்தரவை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றத்திற்குப் போனதால் 26 மாதங்கள் ஆயின. அம்மூவருக்கும் சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் இருந்தார்கள். மாதாமாதம் பணம் வந்தது. அவர்களுடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு முதல் போட ஒருவர் இருந்தார்.

எதிர்த்தரப்பின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நிர்வாகத்திற்கு வங்கிக் கடன் ஆண்டுக்கு 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கொடுக்காமல் நிறுத்திய 4,560 வெள்ளியால் ஆண்டுக்கு 365 வெள்ளி மிச்சம். 40 பேருக்கு ஏறக்குறைய 14,600 வெள்ளி. தவணை கேட்பதற்கு ஓர் ஆளை அனுப்ப இது தாராளமாகப் போதும். ஒரே தாமதம் ஒரு பக்கத்திற்கு மாதம் பத்து விழுக்காடு செலவு வைக்கிறது. மறுபக்கத்திற்கு வருமானம் தருகிறது. 1974-இல் அமெரிக்க அறிஞர் மார்க் கலாண்டர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, வாழ்நாளில் ஒரே முறை நீதிமன்றம் வருபவரையும் அடிக்கடி வருபவரையும் பிரித்துக் காட்டுகிறது. அடிக்கடி வருபவர் ஒரு வழக்கில் தோற்றாலும் அடுத்ததில் ஈடுகட்டுவார். விதிகள், அலுவலர்கள், தவணைகள் எல்லாம் அவருக்குப் பழக்கம். இந்திய நீதிமன்றங்களையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர். பாட்டியையும் கிராணியையும் பார்த்து எழுதியதுபோல் இருந்தது எனக்கு.

தோட்டத்தில் நமக்கென்று ஒரு நீதிமன்றம் இல்லாமல் இல்லை. மாரியம்மன் கோயில் முன்பு பஞ்சாயத்து கூடும். காலையில் சண்டை, மாலையில் தீர்ப்பு. அபராதம் கோயில் உண்டியலுக்கு. ஆனால் நடுவில் அமர்ந்தவர் பெரும்பாலும் கங்காணியோ அவருக்கு வேண்டியவரோதான்; சாதியும் அங்கே பேசும்; பெண்கள் ஓரமாகத்தான் நிற்க வேண்டும் என்கிறார் பாட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பஞ்சாயத்தால் துரையை அழைக்க முடியாது. துரைக்கு வேறு நீதிமன்றம் இருந்தது. 1910-இல் முடிவுக்கு வந்த ஒப்பந்தக் கூலி முறையில் வேலையை விட்டு ஓடுவதே குற்றம். அக்காலத்துத் தமிழ்த் தொழிலாளி நீதிமன்றத்திற்குப் போனதைவிட இழுத்துச் செல்லப்பட்டதே அதிகம்.

லகாட் சாலையின் மறுபுறம்

ஏழைகள் நெடுங்காலம் தாக்குப்பிடித்த வழக்கு ஒன்றும் ஈப்போவிலேயே உண்டு. புந்தோங்கிலிருந்து லகாட் பக்கம் போனால் புக்கிட் மேரா கிராமம். அங்கே 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து எட்டுக் கிராமவாசிகள் 1985 பிப்ரவரியில் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரிலேயே இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் 1987-இல் ஆலை மீண்டும் இயங்கியது. முழு விசாரணை 1987 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் கிராமத்தாரின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் போராட்டக் குழுவினர் சிலரும் பிடித்து வைக்கப்பட்டார்கள். விசாரணை 1990 பிப்ரவரியில் முடிந்தது. தீர்ப்பு வந்தது 1992 ஜூலை 11-ஆம் நாள்: ஆலையை மூட வேண்டும். 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 1994 தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. துப்புரவுப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்று பின்னாளில் செய்தி வந்தது.

கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள். எட்டுக் கிராமவாசிகளால் இதைத் தாங்க முடிந்தது எப்படி? பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் பின்னால் நின்றன. வழக்கறிஞர் உதவியும் வெளிநாட்டு நிபுணர்களின் சாட்சியமும் அவ்வழியே வந்தன. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருந்த மூன்று பெண்களைப்போல், இவர்களுக்கும் காத்திருப்பின் செலவைச் சுமக்க ஓர் அமைப்பு இருந்தது. வழக்கில் இறுதியாகத் தோற்றவர்கள் ஊரில் ஆலை இல்லை. வென்றவர்கள் ஆலையை மூடினார்கள். தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இது விளங்காது.

நம் சட்டங்களை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். தொழிலாளர் அலுவலகம் பணம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டால், முப்பத்தொன்றாம் நாளிலிருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி ஓடும். உத்தரவு வருமுன் காத்திருந்த மாதங்களுக்கு அந்த வட்டி இல்லை. பாட்டியின் பொழுது முழுவதும் போனது அங்கேதான். தொழிலியல் நீதிமன்றத்தில், முறையற்ற வேலைநீக்கம் என்று நிரூபித்தாலும் நிலைப்படுத்தப்பட்ட தொழிலாளிக்குப் பின்தொகைச் சம்பளம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கே என்று 2007-ஆம் ஆண்டுத் திருத்தம் எல்லை கட்டியது. நீதிபதிகள் முதலாளிக்கு அளவில்லாச் சுமை ஏற்றக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் இருபத்தைந்தாம் மாதத்திலிருந்து தாமதத்தின் செலவு முழுவதும் தொழிலாளி தலையில். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் சட்டம் வேறு வழியில் போகிறது: வழக்கறிஞர் இல்லை, விசாரணை தொடங்கிய நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் தீர்ப்பு, 2019 முதல் 50,000 வெள்ளிவரை கோரலாம். உடைந்த குளிர்சாதனப் பெட்டிக்கு 60 நாள் கெடு வைக்க முடிந்த நாம், 27 ஆண்டுச் சேவைக்கும் அப்படியொரு கெடுவை ஏன் வைக்கக் கூடாது? அப்படி வைத்தால் விசாரணை அரைகுறையாகும் என்று விரிவுரையாளர் வாதிட்டார். கோவலனை நினைத்துக்கொண்டு பாதி ஒப்புக்கொண்டேன். ஆனால் ஓய்வுபெறாத ஒரு யோசனை எனக்கு உண்டு. நிர்வாகம் மறுக்காத தொகையையாவது, பாட்டி விஷயத்தில் அந்த 1,680 வெள்ளியையாவது, முதல் அழைப்பு நாளிலேயே கொடுக்கச் செய்ய வேண்டும். அன்று அது கிடைத்திருந்தால் கடன் அநேகமாக அடைந்திருக்கும். மீதிக்குப் பாட்டி எத்தனை மாதமும் காத்திருப்பார்.

கட்டுரைக்கு மதிப்பெண் வந்த வாரம் அதை அப்பாவிடம் காட்டினேன். அட்டவணையை இருமுறை பார்த்தார். கணிப்பொறியில் தாமே ஒருமுறை பெருக்கியும் பார்த்தார். அவ்வாண்டுத் தீபாவளியில் அந்தப் பேச்சு எழவில்லை.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அவர் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அமர்ந்து வாயால் சொன்னேன். பதினான்காம் மாதத்தில் கணக்கு புரண்டுவிடுகிறது பாட்டி, நீங்கள் செய்தது சரி என்றேன். கையிலிருந்த கடலையைத் தட்டில் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“பதினாலு மாசமா? நா ஒரு வருசந்தான் தாங்கும்னு நெனச்சேன் கண்ணு” என்றார்.